முன்வரிசையில் உட்கார்ந்த அண்ணன்

1

என் மனைவி ராமலட்சுமி வளர்ந்துவரும் கலைஞர் ஆகிவிட்டாள். வயது ஐம்பத்து நான்கு. முழங்காலுக்குத் தைலம், சர்க்கரைக்கு மாத்திரை. கிளாஸ்கோ நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துப் போடுகிற வேலை. "இதுக்கு மேல எந்தப் பக்கமா வளரப் போற?" என்று வாய் சும்மா இல்லாமல் கேட்டேன். ஒரு வாரம் எனக்கும் மசித்த உருளைக்கிழங்குதான்.

அவளை வளர்த்துவிடுகிறவர்கள் வெளியாள் இல்லை. எங்கள் மகள் கோதையும் அவள் இணை ஈஸ்லாவும். துணி வெளுக்கும் கடை ஒன்றின் மாடியில் 'ஈரக்குடை' என்று ஒரு சின்ன நாடகக் குழுவை இருவரும் நடத்துகிறார்கள். கீழே பத்து இயந்திரங்கள் சுற்றும்போது மேலே மேடை லேசாக ஆடும். குழுவில் இருப்பவர்கள் பெண்ணை விரும்பும் பெண்கள், ஆணை விரும்பும் ஆண்கள், இரண்டு பெட்டியிலும் அடங்காதவர்கள். தங்களைக் குயர் என்கிறார்கள். தமிழில் பால்புதுமையினர் என்று ஓர் அழகான சொல் இருப்பதாகக் கோதைதான் எனக்குச் சொல்லித்தந்தாள். ராஜபாளையத்தில் பிறந்த நான், கிளாஸ்கோவில் பிறந்தவளிடம் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறேன். அந்த அளவில் இருக்கிறது நிலைமை.

கோதையும் ஈஸ்லாவும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் குடும்பம் நடத்துகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஈஸ்லாவுக்கு மோர்மிளகாய் இல்லாமல் தயிர்சோறு இறங்காது. இதெல்லாம் கிளாஸ்கோவில். ஊரில் கேட்டால் ஈஸ்லா, 'கோதைகூடத் தங்கியிருக்கிற பிள்ளை'. வாடகையைப் பகிர்ந்துகொள்கிறது, நல்ல பிள்ளை. அவ்வளவுதான் தகவல்.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் ஃபிட்டராக இருந்து, இங்கே வந்து லிஃப்ட் சோதிப்பவன் ஆனேன். 'பதற்றப்படாதீர்கள், உதவி வந்துகொண்டிருக்கிறது' என்ற பலகையை லிஃப்டுக்குள் ஒட்டுவது என் வேலையில் ஒரு பாகம். அதை ஒட்டும்போதே எனக்குப் பதற்றம் வந்துவிடும்.

2

ஈரக்குடையின் வழக்கம் இது. வாழ்க்கையில் மேடையே ஏறாத ஒருவரை ஒவ்வோர் ஆண்டும் 'வளர்ந்துவரும் கலைஞர்' என்று பிடிப்பார்கள். வயது வரம்பு கிடையாது. ஓர் அறை, ஒரு ஹீட்டர், வேண்டிய மட்டும் டீ. நீ யாரிடம் எதைச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் இருக்கிறாய் என்று கேட்பார்கள். அதுதான் நாடகம். இன்னொரு விதியும் உண்டு. யாரிடம் பேசுகிறாயோ அவர் உட்கார்ந்து பார்க்கும்படிதான் முதல் காட்சி நடக்க வேண்டும். போன ஆண்டு மீன்கடைக்காரர் மகன் ஒருவன் தன் அப்பாவிடம் பேசினான். மீன்கடையிலேயே நடந்தது. பனிக்கட்டிப் பெட்டிமேல் உட்கார்ந்து நானும் பார்த்தேன். நல்ல நாடகம். கால்சட்டை காய இரண்டு நாளாயிற்று.

இந்த ஆண்டு ஒரு விண்ணப்பம்கூட உருப்படியாக வரவில்லை என்று கோதை எங்கள் வீட்டில் புலம்பியபோது, அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த ராமலட்சுமி திரும்பாமலே சொன்னாள்: "நான் வாரேன்."

"எங்கம்மா?"

"ஒங்க நாடகத்துக்குத்தான். எனக்கும் சொல்லாம கெடக்கது ஒண்ணு இருக்குல்ல."

அது என்ன என்று எங்கள் மூவருக்குமே தெரியும். அவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அண்ணன். சுந்தரமகாலிங்கம், உரக்கடை. ஞாயிறு தவறாமல் அவரிடம் போனில் பேசுவாள். மழை, உருளைக்கிழங்கு, முழங்கால், ஊர்ச் செய்தி எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் "அண்ணே, இன்னொரு விசயம்..." என்பாள். அங்கே ஒரு நிறுத்தம். பிறகு, "ஒண்ணுமில்ல, இங்க மறுபடி மழை பிடிச்சிருச்சு" என்று வைத்துவிடுவாள். வருடக்கணக்காக இப்படி. கிளாஸ்கோவில் எந்நேரமும் மழை பெய்வது இந்த வகையில் வசதி.

இதையே அப்படியே நாடகமாக்கினாள். ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு போன், ஒருத்தி. அண்ணன் குரல் கேட்காது. அவள் பேசுவது மட்டும். விளையாட்டுப் போனைக் கையில் கொடுத்தால் அவளுக்குப் பேச்சே வரவில்லை என்று சொந்தப் போனையே மேடைக்கு எடுத்துக்கொண்டாள்.

நான் எழுத்துப் பிரதியை வாங்கி நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். 'அண்ணே, இன்னொரு விசயம்...' விளக்கு அணைகிறது. முடிந்தது. அதாவது சொல்லவே போவதில்லை! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பிரமாதமான முடிவு. கலை என்றால் இதுதான். ஓர் எழுத்தைக்கூட மாற்றாதே" என்றேன்.

கோதை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்களுக்கு கலை மேல எம்புட்டு ஆச அப்பா" என்றாள். தாயின் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேச்சும் கிளாஸ்கோ மூக்கும் கலந்த தமிழ் அவளுடையது. அதில் நக்கல் மட்டும் எந்தக் கலப்பும் இல்லாமல் வரும்.

3

விதிப்படி நாடகம் மச்சினர் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்க வேண்டும். அங்கே நடந்தால் அவர் தெருவே வந்து உட்காரும். நான் களத்தில் இறங்கினேன். மண்டபங்கள் எல்லாம் முகூர்த்தத்துக்குப் போய்விட்டன என்று வீட்டில் சொல்லிவிட்டு, ராஜபாளையத்தில் ஜவுளி வியாபாரம் செய்யும் என் பள்ளித்தோழன் சாகுலைக் கூப்பிட்டேன். அவனுக்குச் சின்னதாக ஒரு மண்டபம் உண்டு. இரண்டு ஊருக்கும் நடுவே அரை மணி பஸ். அந்த அரை மணி என்னைக் காப்பாற்றும் என்று நம்பினேன்.

சாகுல் கேட்டான்: "என்ன விசேசம்ல? கல்யாணமா, காதுகுத்தா, வளைகாப்பா?"

"அது... ஒரு விழா."

"அதான் என்ன விழா? சமையக்காரன்ட்ட நான் என்னன்னு சொல்ல? காதுகுத்துன்னா கெடா, வளைகாப்புன்னா கலவசாதம்."

"பிரியாணி போட்டுருல."

"பேரு வைக்காத விழாவுக்குப் பிரியாணி. சரி, ஒன் இஷ்டம்."

ஈஸ்லாவின் விசா விண்ணப்பத்தில், இந்தியாவில் யாரைத் தெரியும், அவர் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அதன் முன்னால் மூன்று சாயங்காலம் உட்கார்ந்திருந்தேன். 'மாமனார்' என்று எழுத நானோ இந்தியாவில் இல்லை. கடைசியில் சாகுலின் பெயரைப் போட்டு, உறவு என்ற இடத்தில் 'ஜவுளி' என்று எழுதியதை ஈஸ்லாதான் பார்த்துத் திருத்தினாள்.

அடுத்து அழைப்பிதழ். நாடகம் என்று போட்டால் என்ன நாடகம் என்பார்கள். குழுவின் பெயரைப் போட்டால் இணையத்தில் தேடுவார்கள். ஒவ்வொரு சொல்லாகக் கழித்தேன். கடைசியில் மிஞ்சியது எங்கள் இருவர் பெயர், மண்டபத்தின் பெயர், நாள், மாலை நான்கு மணி, 'அனைவரும் வருக'. இதில் ஒருவரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது என்று மார்தட்டிக்கொண்டேன்.

ராஜபாளையம் போய்ச் சேர்ந்து சாகுல் வீட்டு மாடியில் பெட்டியை இறக்கியதும் மச்சினர் போன். மச்சினர் பேசினால் போனைக் காதில் வைக்க வேண்டியதில்லை. உரக்கடையில் வத்திராயிருப்பு, புதுப்பட்டி விவசாயிகள் பத்துப் பேர் ஒரே நேரத்தில் இலைச் சுருட்டலைப் பற்றிக் கேட்க, பத்துப் பேருக்கும் ஒரே குரலில் பதில் சொல்லிப் பழகியவர். யார் யாரிடம் என்ன கேட்டாலும் பதில் அவரிடமிருந்துதான் வரும்.

"மாப்ள, வேட்டி எட்டு முழமா, பத்து முழமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பதறுகிறவன் கேள்வியைத் திருப்பிக் கேட்கமாட்டான். "எட்டு" என்றேன்.

"மாலை எப்படி? சம்பங்கியா, ரோசாவா?"

"ரோஜா."

"ரொம்ப சரி. ஆனா சாயந்தரம் நாலு மணிக்கு என்னய்யா முகூர்த்தம்? லண்டன் டைமாக்கும்?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

4

நாடகத்தன்று மூன்றரை மணிக்கு மண்டபத்தில் ஐம்பது பேர் இருப்பார்கள். என் பக்கத்துச் சொந்தம் கொஞ்சம், சேத்தூரிலிருந்து என் சித்தி மகன் குடும்பம், சாகுல் கடை ஆட்கள், பிரியாணி வாசனைக்கு வந்த அண்டை வீட்டார். மச்சினரைக் காணோம். கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் தெருமுனையில் நாதசுரம் கேட்டது.

முன்னால் மேளம். அதற்குப் பின்னால் பட்டுச்சட்டையில் என் மச்சினர். அவருக்குப் பின்னால் உரக்கடை ஆட்கள், பூச்சிமருந்துக் கம்பெனி கொடுத்த பச்சைத் தொப்பியோடு, ஆளுக்கொரு தாம்பாளம். பட்டுச்சேலை, எட்டு முழ வேட்டி, வாழைத்தார், தேங்காய், பால்கோவா, தலையணை உயரத்துக்கு இரண்டு ரோஜா மாலை. நம் பக்கத்தில் மண்டபத்தில் தங்கச்சிக்கு ஒரு விசேஷம் என்றால் பிறந்த வீட்டுச் சீர் இல்லாமல் நடக்குமா? வயதான கணவன் மனைவி பெயர், கீழே மண்டபம், என்ன விழா என்று போடாத கூச்சம். அறுபதாம் கல்யாணம் என்று அவரே முடிவுசெய்துவிட்டார்.

"மச்சான், எனக்கு அம்பத்தெட்டுதான் ஆகுது" என்றேன்.

"அதனால என்ன? குளிர் நாட்டுல வயசு முன்னப்பின்ன இருக்கும்" என்று சொல்லி மாலையை என் கழுத்தில் போட்டார். ஒரு நாளும் நான் அவ்வளவு கனத்தைச் சுமந்ததில்லை.

மேளக்காரர்களைப் பார்த்த ஈஸ்லா பரவசமாகி ஓடிவந்தாள். நாடகத்துக்கு முன்னால் வாசிக்க நான்தான் ரகசியமாக ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு மச்சினரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவள் போனில் ஒரு செயலியை வைத்துத் தமிழ் கற்றவள்.

"வணக்கம் மாமா. தாங்கள் நலமாக இருக்கிறீர்களா? தயவுசெய்து அமருங்கள்."

மச்சினர் மலைத்துப்போனார். "இதான் கூடத் தங்கியிருக்க பிள்ளையா? ஏ, செய்தி வாசிக்க மாதிரில்ல பேசுது!"

ராமலட்சுமி மேடைக்குப் பின்னாலிருந்து வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போடுகிற நீலச் சட்டையில் இருந்தாள். அதுதான் நாடகத்துக்கு உடை. அண்ணன் நீட்டிய மாலையை வாங்கித் தாம்பாளத்திலேயே வைத்தாள்.

"அண்ணே, கல்யாணமெல்லாம் இல்ல. நாடகம். நான் நடிக்கேன்."

"நீயா? பபூனா?"

"நான் மட்டுந்தான். வேற ஆளு கெடையாது."

மச்சினர் என்னைப் பார்த்தார். "பொழப்பு அம்புட்டு மோசமாவா இருக்கு மாப்ள?" என்றார். பிறகு, "சரி, வந்தது வந்தாச்சு" என்று முன்வரிசையின் நடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாம்பாளங்களை மேடையோரம் வரிசையாக வைக்கச் சொன்னார். பச்சைத் தொப்பிகள் பின்வரிசையில்.

நான் கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். "மச்சான், பிரியாணி சூடா இருக்கு. மொதல்ல சாப்பிட்டுட்டு..."

"அறுபதாங் கல்யாணத்துக்குப் பிரியாணி போடுத ஆள நான் இப்பந்தான் பாக்கேன்" என்றார், அசையாமல்.

மேடைப் படியில் நின்ற ராமலட்சுமி என்னைக் கூப்பிட்டாள். "லிஃப்டுல மாட்டுன ஆளு மாதிரி முழிக்காதீக. போயி உக்காருங்க" என்றாள்.

5

கிளாஸ்கோ ஒத்திகைகளில் பார்வையாளர்கள் பல் வைத்தியரிடம் முறைக்குக் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருப்பார்கள். இருமல் வந்தால்கூட விழுங்கிவிடுவார்கள். அந்த மௌனத்தை நம்பித்தான் ராமலட்சுமி நாடகத்தை எழுதியிருந்தாள். ஆனால் என் மச்சினர் பார்த்த நாடகமெல்லாம் கோயில் பொங்கலில் போடும் நாடகம். அங்கே பபூன் மேடையிலிருந்து "என்ன மாமா, சொகமா?" என்பார். கூட்டம் பதில் சொல்லும். சொல்லாவிட்டால்தான் அது மரியாதைக் குறைவு. இந்தச் சின்ன விஷயம் ஈரக்குடையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எதற்கெடுத்தாலும் முன்கூட்டிப் பயப்படுகிற எனக்கும் தோன்றவில்லை.

விளக்கு வந்தது. ராமலட்சுமி போனைக் காதில் வைத்தாள்.

"அண்ணே, நான்தான். நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன் தாயி. நீ சொல்லு" என்றது முன்வரிசை.

கூட்டம் சிரித்தது. ராமலட்சுமி ஒரு கணம் தடுமாறி, எழுதியதையே பிடித்துக்கொண்டாள். "இங்க ஒரே மழ."

"இங்க சொட்டுக் கெடையாது. கம்மா காஞ்சு கெடக்கு."

"முழங்கால்தான் பாடாப் படுத்துது."

"தைலம் குடுத்துவிட்டேனே, தேச்சியா இல்லியா?"

"அது தீந்துபோச்சு" என்றாள் ராமலட்சுமி. அது பிரதியில் இல்லாத வசனம்.

இரண்டாம் வரிசையிலிருந்து சாகுல் எட்டி அவர் தோளைத் தொட்டான். "அண்ணே, அவுக நடிக்காக. செத்த நேரம் சும்மா இரிங்க."

"ஏ பாய், எந்தங்கச்சி என்ட்ட கேக்கா. நான் பதில் சொல்லாம நீரா சொல்லுவீரு?"

மண்டபம் குலுங்கியது. ஓரத்தில் விளக்குப் பலகையோடு உட்கார்ந்திருந்த கோதை தலையில் கை வைத்திருந்தாள். ஈஸ்லா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். அது வரைக்கும் போய்விட்டால் போதும், விளக்கு அணைந்துவிடும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காய்கறியைத் தொடுவதில்லை என்று ராமலட்சுமி சொன்னாள். இங்கேயும் அதே கதைதான் என்றார் அண்ணன். இப்படியே போனது. பிரதியில் நீளமாக இருந்த இடங்கள் சுருங்கின, இல்லாத இடங்கள் முளைத்தன. அவர் தானாகவே கேட்டார்: "கோதைக்கு எடம் எதுவும் பாக்கியளா, இல்லியா? சோழபுரத்துல ஒரு பையன் இருக்கான். நானும் எம்புட்டு நாளாக் கேக்கேன், ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கிய."

சிரிப்பு நின்றது. ராமலட்சுமி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அண்ணே, இன்னொரு விசயம்..."

வந்துவிட்டது கடைசி வரி. விளக்கு அணைய வேண்டும். கோதையின் விரல் பொத்தான்மேல் இருந்தது. நான் கழுத்து மாலையோடு பாதி எழுந்து, அணை, அணை என்று இரண்டு கையாலும் சைகை காட்டினேன். கோதை என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். ராமலட்சுமி வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தாள்.

"என்ன விசயம்? சொல்லு தாயி" என்றார் அண்ணன்.

"ஈஸ்லா கூடத் தங்கியிருக்க பிள்ளை இல்லண்ணே. கோதைக்கு அவதான். ரெண்டு பேரும் முறையாக் கையெழுத்துப் போட்டு, நானும் இவுகளும் இருக்க மாதிரி ஒரு வீட்டுல இருக்காக. சந்தோசமா இருக்காக. ஒன்ட்ட சொல்லணும்னுதான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போன எடுப்பேன். எடுத்துட்டு மழையப் பத்திப் பேசிட்டு வச்சிருவேன்."

நாதசுரக்காரர் தொண்டையைச் செருமப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டார். மச்சினர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எழுந்தார். தாம்பாளங்களைத் தாண்டி, வரிசைகளைத் தாண்டி, வாசலுக்கு வெளியே போய்விட்டார். அவர் செருப்பைத் தேடி மாட்டுகிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

ராமலட்சுமி மேடையில் நின்றபடி நின்றாள். போன் இன்னும் காதில். கோதை எழுந்து இரண்டடி வைத்து, அதற்கு மேல் வராமல் நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாழ்நாளில் நான் ஒட்டிய பலகைகள் எல்லாம் பொய் என்று தோன்றிய நேரம் அது.

அப்போது அவள் கையில் இருந்த போன் அடித்தது. பார்த்தாள். எடுத்தாள்.

"சொல்லுண்ணே."

மண்டபத்துக்கு அவள் குரல் மட்டும்தான் கேட்டது.

"ம்."

"ம்... ஆமா."

"இல்ல, அழல."

"கோதை சொல்லிருவோம்னுதான் சொன்னா. நாந்தான் வேண்டாம்னேன்."

அப்புறம் நெடுநேரம் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை கண்ணை மூடினாள்.

"அது ஒன் இஷ்டம்ணே. நான் என்ன சொல்ல முடியும்."

"..."

"கோழி திம்பா. மீனு ஆகாது."

"சரி. வைக்கேன்."

கோதை விளக்கை அணைத்தாள்.

கைதட்டலில் மண்டபத்து ஓடு பறந்துவிடும் போலிருந்தது. சாகுல் என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தான். "ஏலே, ஒம் மச்சினரு என்னமா நடிக்காரு! எம்புட்டு நாளு ஒத்திகை பாத்தாரு?"

வெளியே, சீர் ஏற்றி வந்த சுமை ஆட்டோவின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தார் மச்சினர். நான் பக்கத்தில் போய் நின்றேன். மாலையைக் கழற்றலாமா கூடாதா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

"எனக்கு இது பிடிபடல மாப்ள" என்றார். குரல் முதன்முறையாகச் சின்னதாக இருந்தது. "பிடிபடும்னும் தோணல. அது வேற. ஆனா வாரவாரம் மழையப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தா பாரும்... அதான் தாங்கல."

கடைசிப் பந்தியில் சாப்பிட்டார். கோதையோடு சரியாகப் பேசவில்லை. பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, எதிர் இலையைக் காட்டி, "அந்தப் பிள்ளைக்குக் கோழி வையி" என்றார். சீர்த் தாம்பாளங்களைத் திருப்பி எடுத்துப் போகவில்லை.

போனில் என்ன சொன்னார் என்று ராமலட்சுமியிடம் அன்றும் கேட்டேன், பிறகும் கேட்டேன். "அது எங்களுக்குள்ள" என்பதோடு முடித்துவிட்டாள்.

6

கிளாஸ்கோ திரும்பியதும் ஈஸ்லா ஒரே பிடியாக நின்றாள். நாடகத்தின் முடிவு இனி அதுதான். விஷயத்தைச் சொல்ல வேண்டும், காத்திருக்க வேண்டும், போன் அடிக்க வேண்டும். ஓர் ஒலிப்பதிவை வைத்து அடிக்க வைத்துவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பதில் வந்தது: "எந்தங்கச்சிக்கு மிசினு எதுக்குப் பேசணும்? நான் இருக்கேன்ல."

ஆக, சனிக்கிழமை பகல் காட்சி. இங்கே மதியம், அங்கே கடையில் கூட்டம் நெரிகிற சாயங்காலம். "செத்த இரும், எனக்கு நாடகம் இருக்கு" என்று விவசாயிகளை நிறுத்திவைத்துவிட்டுக் கூப்பிடுகிறாராம். ஈரக்குடையின் நிகழ்ச்சித் தாளில், 'வளர்ந்துவரும் கலைஞர்கள்' என்ற தலைப்பின் கீழ் இப்போது இரண்டு பெயர். இரண்டாவது பெயருக்குப் பக்கத்தில், அவரே கேட்டுக்கொண்டபடி, 'உரம், விதை, பூச்சிமருந்து'.

எல்லாம் சுகமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொன்று பேசுகிறார். ஒரு வாரம் ராமலட்சுமி மேடையிலேயே சிரிக்கிறாள். இன்னொரு வாரம், "ஊரு என்ன சொல்லும்னு என்ட்ட கேட்டா?" என்று குரல் உயர்த்துகிறாள். அவள் சொல்வதைக் கோதை உடனுக்குடன் ஆங்கிலத்தில் திரையில் தட்டுகிறாள். வெள்ளைக்காரர்கள் மூச்சுவிடாமல் படிக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால், "இனி அப்படிப் பேசாதண்ணே" என்று அவளே பாதியில் வைத்துவிட்டாள். அந்த ஞாயிறு அவளும் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, அதாவது போன சனிக்கிழமை, ராமலட்சுமி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனோடு நின்றாள். போன் அடிக்கவில்லை.

கீழே துணி இயந்திரங்கள் சுற்றுகிற சத்தம். யாரோ நாற்காலியில் நெளிந்தார்கள். கோபித்துக்கொண்டாரா, உடம்புக்கு ஏதாவதா, இனி ஒருநாளும் கூப்பிடமாட்டாரா என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். ராமலட்சுமி அசையாமல் நின்றாள். என்னால் தாங்க முடியவில்லை. கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்து, என் போனை எடுத்து, அவளுக்கு அடித்துவிட்டேன்.

மேடையில் போன் அடித்தது. கூட்டம் பெருமூச்சு விட்டது. ராமலட்சுமி எடுத்தாள்.

"அண்... யாரு? நீங்களா?"

கோதை தலையைத் தூக்கி இருட்டில் என்னைத் தேடினாள். பிறகு குனிந்து தட்டினாள். திரையில் வந்தது: 'இது என் அப்பா. மன்னிக்கவும்.' அரங்கத்து மொத்தத் தலைகளும் திரும்பின. நான் போனைக் காதில் வைத்தபடி, கையும் களவுமாக.

"எங்கண்ணன் கூப்பிடுத நேரம் இது. வைங்க" என்றாள் ராமலட்சுமி.

வைத்தேன். சிரிப்பு அடங்கியது. அவள் முன்போலவே நின்றாள். என்னைவிட அவளுக்கு அவரை நன்றாகத் தெரியும் போலிருக்கிறது. நெற்றியில்கூட ஒரு சுருக்கம் இல்லை.

அடித்தது.

"சொல்லுண்ணே" என்றாள். "ஒண்ணுமில்ல. இவுகதான் லைன மறிச்சிக்கிட்டு இருந்தாக. நீ சொல்லு."